ஒரு துணைக்கால்

மரியம்மாள் எழுந்து நின்றபோது மழை சற்று விட்டிருந்தது.

அந்தத் தோட்டத்தில் கோவில் என்றால் சர்ச். அதற்குத் தகரக் கூரை. மழை பெய்தால் யார் பேசினாலும் முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்கும். அதனால் ஆராதனை நடத்தும் உபதேசியார் மழை ஓயும்வரை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார். ஓய்ந்ததும், "யாருக்காவது சாட்சி உண்டுமா?" என்றார்.

வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் இருந்த சபைகளில், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்வதைச் சாட்சி என்பார்கள். நான் அங்கே போகும்வரை எனக்குத் தெரிந்த சாட்சி கோர்ட்டில் சொல்வது ஒன்றுதான்.

மரியம்மாள் கொழுந்து பறிப்பவள். முப்பது வயது இருக்கும். கூடைக் கயிறு நெற்றியில் பதித்த தடம் ஞாயிற்றுக்கிழமையும் மறைவதில்லை. ஈரக் கம்பளியை மடித்து இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"எல்லாருக்கும் தோத்திரம். எனக்கு டி.பி.ன்னு சீட்டுல எழுதித் தந்தாவ. அன்னிக்கி டப்பாவுல துப்பச் சொன்னப்ப எனக்குச் சளியே வரல. வெறும் எச்சியத்தான் துப்பிட்டு வந்தேன். அதுலயே சிஸ்டரு கண்டுபிடிச்சிட்டாவ. அப்பேர்ப்பட்ட சீக்கு. முப்பது ஊசி. பிள்ளைக்குப் பால மறக்கடிச்சி எங்கக்கா வீட்டுல விட்டேன். சபை பூரா எனக்காவ உபாசம் இருந்திய. நேத்து மறுபடி பாத்தாவ. ஒண்ணுமில்ல. சுத்தமா ஒண்ணுமில்ல!"

"தோத்திரம்" என்று கோவில் முழுக்க எழுந்தது. அவள் என்னைக் காட்டினாள்.

"சிஸ்டரே அந்தா இருக்காவளே. கேளுங்க. நான் பொய்யா சொல்லுதேன்?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினேன். நேற்றைய ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை அது சரிதான். எழுதியது நான்.

ஆனால் 'வெறும் எச்சி' என்றாளே, அந்த இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. எச்சிலில் அந்தக் கிருமி கிடைப்பது மிக அரிது. அந்த மாதம் நான் கண்ட ஒரே பாசிட்டிவ் கெட்டியாக, மஞ்சளாக, ரத்தக் கீற்றோடு இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

கண்ணாடிக்காரி

இந்தத் தொடரை நடுவில் படிக்க வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் ஊர் கொல்லங்கோட்டுப் பக்கம். நிலமும் மாடும் உள்ள, தமிழ் பேசும் இந்துக் குடும்பம். பள்ளி முடிந்ததும் கோயம்புத்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு. முதல் வேலை அந்தத் தோட்ட ஆஸ்பத்திரியில். அப்போது எனக்கு இருபத்திரண்டு.

வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லோருமே தோட்டத்தில் சிஸ்டர்தான். மைக்ராஸ்கோப்பை அவர்கள் கண்ணாடி என்பார்கள். என் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள். "இந்தச் சிஸ்டரு ஊசிக்குக்கூட ஒரு 'ங்க' போடுவாவ" என்று மரியம்மாளே ஒருமுறை நர்ஸிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

போன இதழைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: நீங்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தது எந்த நாளில், எந்தக் காரணத்தால் என்று. நாள் தெரியாது. எல்லாவற்றையும் குறித்து வைக்கும் பழக்கம் உள்ள எனக்கே இது ஒரு குறைதான். காரணங்கள் என்றால், கோவிலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் என் நோட்டில் மூன்று எழுதியிருந்தேன். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. இரண்டு, குவார்ட்டர்ஸில் பேச ஆளில்லை. மூன்று, பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில் இருந்த கிழவர்.

அந்தக் கிழவரின் ரத்தத்தைப் பார்த்து நான் கொடுத்த ரிப்போர்ட் முற்றிலும் சரி. அவர் பிழைக்க மாட்டார் என்பதும் அதில் இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த டியூபை எடுத்தேன். அதன்பின் ஆறு வாரம், சபையிலிருந்து முறை வைத்து இரண்டு இரண்டு பேராக வந்து அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் வேலை எந்த இடத்தில் முடிகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் இவ்வளவு நீளமாக ஒரு வேலை இருக்கிறது என்று தெரியாது. யார் சொல்லி இவர்கள் இதைச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன்.

கோவிலுக்குப் போவதை வீட்டுக்கு எழுதினேன். அடுத்த முறை போனபோது அம்மா மாங்காயைக் கீறிக்கொண்டே சொன்னாள்: "எந்தச் சாமியக் கும்புட்டா என்ன அம்மிணி. கண்ணாலம் ஆகற வரைக்கும் வெளிய சொல்லிப்போடாத. உங்கொப்பனுக்கு முதலமடை வரைக்கும் சம்பந்தம் பேச ஆளிருக்குது."

சொல்லிவிட ஒன்றும் இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. கோவிலில் பாட்டுக்கு எழுந்து நிற்பேன், ஜெபத்துக்குக் கண்ணை மூடுவேன். ஆனால் ஆராதனையின் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையில் மட்டும் உதட்டை அசைத்ததில்லை. பார்க்காத சிலைடுக்கு நான் அறிக்கை எழுத மாட்டேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தந்த வாரம் நான் குறிப்பாக எந்தப் பாவமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

நோட்டில் இருந்தது

அன்று கோவில் விட்டதும் நேராக லேப்புக்குப் போய் நோட்டை எடுத்தேன். பக்கம் கிடைக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

அந்த நாளில் இரண்டு டப்பாக்கள். முதலாவது: எச்சில், நீர்த்தது, கிருமி இல்லை. இரண்டாவது: கெட்டி, மஞ்சள், ரத்தக் கீற்று, கிருமி உண்டு. இரண்டுக்கும் எதிரே என் கையெழுத்தில் ஒரே பெயர்.

தோட்டத்தில் மரியம்மாள் ஒருத்தி. கீழ் லயத்தில் மாரியம்மாள் ஒருத்தி. தமிழில் எழுதினால் ஒரு துணைக்கால் வித்தியாசம். ஒருத்திக்கு மாதாவின் பெயர், மற்றவளுக்கு அம்மனின் பெயர். மலையாளத்தில் எழுதினாலும் அந்தக் கால் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் அதே எழுத்துகளால் அதே வரிசையில்தான் எழுதுவோம். பெயரோடு செக்ரோல் நம்பரையும், அதாவது தோட்டப் பதிவேட்டில் அவரவருக்கு உள்ள எண்ணையும், எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவசரம் எதுவும் இருக்கவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ரிப்போர்ட் வாங்க முதலில் வந்தவள் மரியம்மாள். மேலே இருந்த சீட்டைக் கொடுத்தேன். பின்னால் வந்தவளுக்கு மிஞ்சியது.

கணக்கு எளிமையாக இருந்தது. நோய் இல்லாதவள் முப்பது ஊசி போட்டு முடித்திருக்கிறாள். நோய் உள்ளவள் 'இல்லை' என்று எழுதிய என் சீட்டோடு, இரண்டு குழந்தைகளோடு, ஒற்றை அறை லயத்தில் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருக்கிறாள்.

ஆரும் அறியண்டா

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் சொன்னேன். மலையாளி, ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். நோட்டை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை.

"பேடிக்கண்டா. மற்ற ஆளை விளிச்சு ஒண்ணுகூடி டெஸ்ட் எடுக்காம். பாசிட்டிவ் ஆணெங்கில் இன்னைக்கே மருந்து தொடங்காம். ஆரும் அறியண்டா. நம்பிக்கை போயால் பின்னே ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வராது."

மற்றவளை மறுபடி சோதித்து மருந்தைத் தொடங்குவது, நடந்ததை யாரும் அறியாமல் விடுவது: நியாயமான யோசனையாகத்தான் பட்டது. மாரியம்மாளை வரவழைத்தோம். அவள் கம்பம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒல்லி, வாய் அதிகம். "போன மாசந்தானே பாத்து ஒண்ணுமில்லைன்னீக?" என்றாள். சும்மா ஒரு தடவை என்றேன். துப்பிக் கொடுத்தாள். மைக்ராஸ்கோப்பில் நீல நிறத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள், போன முறையைவிட அதிகம்.

டாக்டர் அவளிடம் நோய் இருக்கிறது என்று சொன்னார். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள் ஊசிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வியாழக்கிழமை நானே கீழ் லயத்துக்குப் போனேன். வாசலில் துணியை அலசிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எதுக்கு வந்தீக? இன்னும் என்னா மிச்சம் இருக்கு?"

"ஊசி போட்டுக்கோணுமுங்க்கா. நாள் தள்ளிப் போடக் கூடாதுங்க."

"ஏன் போடணும்ங்கிறேன்? எனக்கில்லைன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீக. மேல் லயத்துக்காரிக்கு இருந்துச்சு. கூட்டமா உக்காந்து செபம் பண்ணுனாக. அவளுக்குப் போயிருச்சு. போனது எங்க போகும்? அதே பேரு கீழ ஒருத்திக்கு இருக்குல்ல, இங்கிட்டு வந்துருச்சு. லயமே சொல்லுது."

"அப்படி வராதுங்க."

"அப்ப எப்படி வந்துச்சு? சொல்லுங்க. ஒரு மாசத்துல இல்லாதது எப்படி வந்துச்சு?"

பதில் தெரியும். ஆனால் ஆரும் அறியண்டா என்பதற்கு நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

"செபம் பண்ணி ஏத்துனத ஊசி போட்டா எறக்குவீக? எங்க ஊருக் கோடாங்கிகிட்டக் குறி கேக்கப் போறேன். கம்பத்துக்கு நாயித்துக்கெழம சாயங்காலம் வண்டி ஏறுறேன்."

பேசி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சின்னப் பிள்ளை ஓடி வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. நான் அந்தப் பிள்ளையின் முகத்துக்கும் அவள் வாய்க்கும் இருந்த தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம்கூட இல்லை.

இரண்டு அனுமதிகள்

மறுநாள் உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சபையில் எழுந்து இதைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் லயத்துப் பேச்சு மாறும், மாரியம்மாள் மருந்துக்கு வருவாள் என்றேன்.

அவர் நல்ல மனிதர். முகம் வாடிவிட்டது.

"அந்த மாரியம்மாகிட்ட நான் போய்ச் சொல்லுதேன். சபையில எதுக்கும்மா? மரியம்மா சாட்சியக் கேட்டு எத்தன பேரு விசுவாசத்துல பெலப்பட்டிருக்காவ தெரியுமா? ரெண்டு பேரு குடிய விட்டிருக்கானுவ."

"அது நடக்காத காரியமுங்க, ஐயா."

"குடிய விட்டது நடந்ததுதான?" என்றார். பிறகு அவரே, "அதுபோக, நீங்க இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல. சாட்சி சொல்லுததுக்கு அது வேணும்மா. சபை ஒழுங்கு" என்றார்.

ஒழுங்கு என்றால் எனக்குப் புரியும். யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"பாவ அறிக்கைக்கு ஞானஸ்நானம் வேணுமுங்களா?"

"அதுக்கெதுக்கு? பாவி யாரும் சொல்லலாம்."

"அப்ப அந்த நேரத்துல சொல்லிக்கிறேனுங்க."

உபதேசியார் என்னையே பார்த்தார். பிறகு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவர் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தமாச் சொல்லுங்க. மழைக்காலம்" என்றார்.

இரண்டாவது அனுமதி கடினம். சனிக்கிழமை மதியம் மரியம்மாள் வீட்டுக்குப் போனேன். பிள்ளையைத் திரும்ப அழைத்து வந்திருந்தாள். அது அவள் மடியில் இருக்க மாட்டேன் என்று அக்காள் மகளிடம் போகக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

நான் வரிசையாகச் சொன்னேன். இரண்டு டப்பா, ஒரே பெயர், மாறின சீட்டு.

"அப்ப எனக்கு வரவேயில்லையா?"

"இல்லீங்க்கா."

"முப்பது ஊசியும் சும்மாவா?"

"ஆமாங்க. என்ற தப்புங்க."

"காதுக்குள்ள இன்னும் வண்டு மாதிரி சத்தம் கேக்குது."

"அந்த ஊசிக்கு அப்படி வருமுங்க. டாக்டர்கிட்டக் காட்டிரலாம்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். "இதுக்குப் பால மறக்கடிச்சேன். ராப்பகலா அழுதுச்சாம்." குரல் ஏறவில்லை. "நாளைக்கிச் சபையில சொல்லத்தான் போறீயளா?"

"ஆமாங்க. உங்ககிட்ட முன்னாலயே சொல்லோணும்னு வந்தேன்."

"சொல்லாட்டி?"

"மாரியம்மாள் ஊசிக்கு வரமாட்டாங்க."

"சரி, போங்க. இப்ப எம்மூஞ்சில முழிக்காதிய."

போனேன். மன்னிப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேனா என்று வழியில் யோசித்தேன். எதிர்பார்த்திருந்தேன்.

உதடு அசைத்த நாள்

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னபோது நானும் சொன்னேன். முதல் முறையாக ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் ஒரு பொருள் இருந்தது. முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை.

நான்கு விஷயம் சொன்னேன். மரியம்மாளுக்கு அந்த நோய் வந்ததில்லை. மாரியம்மாளுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. யாரிடமிருந்தும் யாருக்கும் எதுவும் போகவில்லை. சீட்டை மாற்றிக் கொடுத்தது நான். சத்தமாகத்தான் சொன்னேன். மழை இல்லை, அவ்வளவு சத்தம் தேவைப்பட்டிருக்காது.

யாரும் தோத்திரம் என்று சொல்லவில்லை. பின் வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், "அப்ப நான் குடிய விட்டது?" என்றது. இரண்டொருவர் சிரித்தார்கள். "விட்டது விட்டதுதான், உக்காருடே" என்றார் உபதேசியார்.

மரியம்மாள் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"போன வாரம் நான் சொன்னதத் திருப்பி எடுத்துக்கிடுதேன். எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன். இந்தச் சிஸ்டரு மேல எனக்குக் கோவந்தான். அது இருக்கட்டும். அந்த மாரி இன்னிக்கிச் சாயங்காலம் வண்டி ஏறுதாளாம். உபதேசியார் போய்ச் சொன்னா அவ கேப்பாளா? நான் போனாத்தான் கேப்பா." என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்க. சீட்ட மாத்துனது எப்படின்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

ஆராதனை முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை.

மேட்டிலிருந்து கீழ் லயத்துக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அவள் முன்னால் வேகமாக இறங்கினாள், நான் பின்னால். கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்பதைப் பற்றி அந்தக் கோவிலில் பல பிரசங்கங்கள் கேட்டிருந்தேன். அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது மரியம்மாளின் வெடித்த குதிகால்கள். வழுக்கும் இடங்களில் அவை எங்கே பதிந்தனவோ அங்கேயே நானும் பதித்தேன். அடுத்த வருடம் நான் ஞானஸ்நானம் எடுத்தபோது, எந்த வழியாக வந்தாய் என்று போதகர் கேட்டார். இந்தப் பாதையைச் சொல்ல நினைத்து, விளக்க நேரமாகும் என்று விட்டுவிட்டேன்.

மாரியம்மாள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏட்டி மாரி," மரியம்மாள் வாசலிலேயே தொடங்கினாள், "ஒஞ்சீக்கு எனக்கு வந்து போவல. ஒஞ்சீட்டுத்தான் எங்கிட்ட வந்துச்சு. நீ போட வேண்டிய ஊசியப் பூரா நான் போட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேன். இவிய செஞ்ச வேலதான். கேளு."

நான் நோட்டை விரித்துக் காட்டிச் சொன்னேன். ஆங்கிலம் அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு வரியிலும் ஒரே வடிவம் இருப்பதை விரலால் தடவிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"படிச்சவுகதானே நீங்க?" என்றாள்.

"ஆமாங்க."

"ம்." மரியம்மாளிடம் திரும்பினாள். "எம்புட்டு ஊசி போட்டாக ஒனக்கு?"

"முப்பது."

"அப்ப அது எனக்குக் கழியுமா?"

மரியம்மாள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. நான், "கழியாதுங்க. மொதல்லருந்து போடோணும்" என்றேன்.

"வெறும் வயித்தோட வந்துராத," என்றாள் மரியம்மாள். "கிறுகிறுன்னு வரும். ஒருநா இடது, ஒருநா வலதுன்னு மாத்திப் போடச் சொல்லு. இல்லாட்டி உக்கார முடியாது. காதுல சத்தம் கேட்டா அன்னிக்கே சொல்லிரு, என்னய மாதிரி வச்சிக்கிட்டு இருக்காத."

மாரியம்மாள் மூட்டையைப் பார்த்தாள். பிறகு அதன் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தபடியே, "என்னா நேரத்துக்கு வரணும்?" என்று என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் நான் போனபோது இருவரும் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவைத் திறப்பதற்குள் மரியம்மாள் எழுந்து முன்னால் வந்தாள்.

"ஊசி எனக்கில்ல சிஸ்டரே," என்றாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க. இவளுக்கு."